பீரங்கி வெண்கலம்

பிரான்ஸில் பீரங்கி வார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. 100 பங்கு செம்புக்கு 11 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் குறைந்தால் உலோகம் மெத்தென்றாகி, குண்டு போகப் போகக் குழாயின் உட்புறம் தேய்ந்துவிடும். கூடினால் இறுகிப்போய் ஒருநாள் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். தேவாலய மணிக்கோ ஏறக்குறைய இரு மடங்கு வெள்ளீயம் வேண்டும். அப்போதுதான் நாதம் வரும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஊர் ஊராக மணிகளை இறக்கிக் காசாகவும் பீரங்கியாகவும் ஆக்கினார்கள். மணியின் உலோகத்திலிருந்து மிகுதி வெள்ளீயத்தைப் பிரித்தெடுக்க வேதியியல் அறிஞர்களே களத்தில் இறங்க வேண்டியிருந்தது. ஓட்டைப் பானையைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டுக் குத்துவிளக்கோடு திரும்பும் குடும்பத்தைப் போலத்தான் அன்றைய ஐரோப்பாவும். மணி பீரங்கியாகும், பீரங்கி சிலையாகும், அந்தச் சிலையே இன்னொருவர் சிலையாகும்.

பாரிஸில் வாந்தோம் சதுக்கத்தின் நடுவே நிற்கிற தூண் அப்படிப்பட்ட வெண்கலம். உயரம் ஏறத்தாழ 44 மீட்டர். உச்சியில் நெப்போலியன் நிற்கிறார். இப்போது நிற்பது அவரது மூன்றாவது சிலை. முதலாவது உருகிப்போய் வேறொரு ராஜாவாகிவிட்டது. இரண்டாவது ஆற்றில் விழுந்து எழுந்து இன்னோரிடத்தில் குடியிருக்கிறது. தூணே ஒருமுறை தரையில் விழுந்து உடைந்து, ஒட்டப்பட்டு நிற்கிறது. நெப்போலியனைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை ஒருவர் ஆயுள் முழுக்கப் படித்தாலும் தீராது. அவரது ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்த வெண்கலத்தைப் பின்தொடர்ந்தும் பார்த்துவிடலாம்.

பின்தொடர்வதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. நெப்போலியன் பீரங்கிப் படைக்காரர். கோர்சிகாத் தீவில் அழாக்ஸியோ ஊரில் 1769 ஆகஸ்ட் 15-இல் பிறந்த பையன், 16 வயதில் பீரங்கிப் படைப்பிரிவொன்றில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தான். குதிரைப்படை பிரபுக்களின் பிள்ளைகளுக்கான இடம்; பணமும் குலப்பெருமையும் வேண்டும். பீரங்கிக்குக் கணக்குத் தெரிந்தால் போதும். அவனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. 1793-இல் தூலோன் துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டபோது, எந்த மேட்டில் பீரங்கியை ஏற்றினால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் ஓடியாக வேண்டும் என்று கணித்தவர் அவர். அந்தக் கணிப்புக்குக் கிடைத்த கூலி, 24 வயதில் ஜெனரல் பதவி.

இரண்டு வருடம் கழித்து, 1795 அக்டோபர் 5 அன்று, பாரிஸிலேயே பீரங்கி முழங்கியது. மன்னராட்சியை விரும்பியவர்கள் ஆயுதத்தோடு அரசை எதிர்த்துத் திரண்டிருந்தார்கள். நகரைக் காக்கும் பொறுப்பு நெப்போலியனிடம் வந்தது. முரா என்கிற குதிரைப்படை அதிகாரியை இரவோடிரவாக அனுப்பி, நகருக்கு வெளியே சபுலோன் மைதானத்திலிருந்த 40 பீரங்கிகளை இழுத்துவரச் செய்தார். மறுநாள் புனித ரோக் தேவாலயத்தின் பக்கம் கூடியிருந்தவர்கள்மீது சில்லுக்குண்டுகள் பாய்ந்தன. சில நூறு பேர் மாண்டார்கள். அந்தத் தேவாலயத்திலிருந்து வாந்தோம் சதுக்கத்துக்குச் சில நிமிட நடைதான். அன்று சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் குதிரைமேல் உட்கார்ந்திருந்த பதினான்காம் லூயியின் வெண்கலச் சிலையைப் புரட்சிக்காரர்கள் 1792-இலேயே இழுத்துப் போட்டு உடைத்திருந்தார்கள். பிழைத்தது அதன் ஒற்றைப் பாதம் மட்டும்.

அதன்பின் நடந்தவை பள்ளிப் பாடத்தில் இருப்பவை: இத்தாலிப் படையெடுப்பு, எகிப்து, 1799-இல் ஆட்சிக் கவிழ்ப்பு, முதல் கான்சல், 1804 டிசம்பர் 2-இல் நோத்ர தாம் தேவாலயத்தில் பேரரசர் முடி. இதற்கிடையே, 1803-இல், காலியான சதுக்கத்தில் ஒரு தூண் எழுப்புவதென்று முடிவாகியிருந்தது. மாதிரி, ரோமில் இருக்கும் டிராஜன் தூண். உச்சியில் வைப்பதாக இருந்தது ஷார்லமேன் சிலையை. ஆயிரம் வருடம் முந்திய பேரரசரை மேலே ஏற்றி, தான் அவரது வாரிசு என்று குறிப்பால் உணர்த்துகிற தந்திரம். ஆனால் வேலை தொடங்கவில்லை. குறிப்பால் உணர்த்த வேண்டிய தேவையும் சீக்கிரமே போய்விட்டது.

1805 கோடையில் நெப்போலியனின் படை இங்கிலாந்துக்குள் இறங்குவதற்காகக் கடற்கரையோரம் பூலோன் முகாமில் காத்திருந்தது. கடல் வழிவிடவில்லை. ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் கிழக்கே திரண்டன. ஆகஸ்ட் கடைசியில் மொத்தப் படையையும் கிழக்கே திருப்பினார். அக்டோபர் 20-இல் ஊல்ம் நகரில் ஆஸ்திரியத் தளபதி மாக், 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். நவம்பரில் வியன்னா. டிசம்பர் 2-இல், முடிசூடிய முதலாண்டு நிறைவு நாளில், ஆஸ்டர்லிட்ஸ். பிராட்ஸன் மேட்டைத் தானாகவே காலிசெய்து, வலது பக்கத்தைப் பலவீனமாகக் காட்டி, எதிரிகள் அங்கே பாய்ந்ததும் நடுவில் புகுந்து இரண்டாகப் பிளந்த போர் அது. மாலைக்குள் இரண்டு பேரரசர்களின் படை சிதறியது.

அங்கே பிடிபட்ட பீரங்கிகள்தான் நம் கதாநாயகர்கள். எத்தனை? தூணைப் பற்றிய பழைய விவரங்களில் 1,200 என்று போட்டிருக்கும். ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் உண்மையில் கிடைத்தது 180 அளவில்தான். இந்த ஊதிப்பெருக்கலை நெப்போலியனைத் தெரிந்தவர்கள் யாரும் வியப்பாகப் பார்க்க மாட்டார்கள். போர் முடிந்ததும் அவர் வெளியிட்ட அறிக்கையில், உறைந்த ஏரிகள்மீது ஓடிய ரஷ்யர்கள் 20,000 பேர் பனி உடைந்து மூழ்கியதாக எழுதினார். பின்னர் அந்த ஏரிகளின் நீரை வடித்துப் பார்த்தார்கள். பீரங்கிகளும் குதிரைகளும் கிடைத்தன; மனித உடல்கள் ஒருசில. அவரது படையினரிடையே, ‘அறிக்கை மாதிரிப் பொய்’ என்று ஒரு வழக்கே புழங்கியது. தூணும் ஒருவகையில் அறிக்கைதான், அச்சு மையால் எழுதாமல் வெண்கலத்தில் எழுதியது. அடிப்பீடத்தில் பொறித்த லத்தீன் வாசகம், மூன்று மாதத்தில் முடிந்த ஜெர்மானியப் போரின் நினைவாக, பிடித்த வெண்கலத்தைக் கொண்டு, மாபெரும் படையின் புகழுக்குப் பேரரசர் அர்ப்பணித்தது என்கிறது. ஷார்லமேனுக்கு ஒதுக்கிய இடம் நெப்போலியனுக்கே போனது.

அருங்காட்சியகங்களின் தலைமைப் பொறுப்பிலிருந்த தெனோன் மேற்பார்வை. கோந்துவான், லெபேர் என்ற இருவர் கட்டடக்கலைஞர்கள். ஓவியர் பெர்ழரே வரைந்து கொடுத்த சித்திரங்களைச் சிற்பிகள் பலர் புடைப்புருவமாக்க, 425 வெண்கலத் தகடுகள் வார்க்கப்பட்டன. தூணின் உள்ளுடல் கல். வெண்கலம் அதன்மேல் போர்த்திய சட்டை. உள்ளே சுழற்படி உச்சிவரை போகிறது.

வார்ப்பு வேலை பட்ட பாடு தனிக் கதை. அதை 19-ஆம் நூற்றாண்டின் வார்ப்புத் தொழில் நூல்கள் ஓர் எச்சரிக்கைப் பாடமாகவே எடுத்துச் சொல்லும். ஒப்பந்தம் எடுத்தவருக்கு இரும்பு வார்ப்புத் தெரியும், வெண்கலத்தின் குணம் தெரியாது. அரசு பீரங்கிகளை எடைபோட்டுக் கொடுத்தது. எடைக்கு எடை சிலைத்தகடு கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. வெண்கலத்தைத் திரும்பத் திரும்ப உருக்கினால் வெள்ளீயம் காற்றோடு கலந்து கசடாக மேலே மிதக்கும். கசடை ஒதுக்கினால் எடை போச்சு. பாதிக்குமேல் வேலை முடிந்தபின்தான் கையிருப்பு உலோகம் காணாது என்று மனிதருக்கு உறைத்தது. ஒதுக்கிவைத்த கசடையே மறுபடி உருக்கிச் சேர்த்தார். தகடுகள் புள்ளி விழுந்து, ஈயம் பூத்து வந்தன. மோசடி என்று சந்தேகம் எழுந்து விசாரணைக் குழு அமைந்தது. வேதியியல் சோதனையில் தூணின் வெவ்வேறு பகுதிகளில் கலவை வெவ்வேறாக இருப்பது தெரிந்தது. உச்சிப் பகுதியில் ஏறக்குறைய வெறும் செம்பு. அச்சும் சரியில்லை. குறை திருத்தச் செதுக்கியவர்கள் 70 டன் வெண்கலத்தைச் சீவித் தள்ளினார்களாம். சீவிய வெண்கலமும் அவர்களுக்கே, கூலிக்குமேல் கூலியாக! ஆக, ஆஸ்டர்லிட்ஸ் பீரங்கிகளில் கணிசமானவை தூணில் ஏறாமலே பாரிஸின் பட்டறைகளுக்குள் கரைந்துபோயின.

1810 ஆகஸ்ட் 15, பேரரசரின் பிறந்தநாளன்று, தூண் திறக்கப்பட்டது. கிட்டே நின்று அடிப்பீடத்தைப் பார்த்தால் தோல்வியடைந்தவர்களின் உடைமைகள் குவிந்து கிடக்கும்: தொப்பி, சட்டை, கொடி, வாள், பீரங்கிக் குழாய். நான்கு மூலையிலும் கழுகுகள். அங்கிருந்து புடைப்புருவப் பட்டை சுழன்று ஏறுகிறது. கீழ்ச்சுற்றில் பூலோன் முகாம், பிறகு ஆறு கடத்தல், ஊல்ம் சரணாகதி, வியன்னாவின் சாவிகள், ஆஸ்டர்லிட்ஸ், கடைசியில் படையின் வீடு திரும்பல். படைவீரர்கள் அவரவர் சீருடையிலேயே இருக்கிறார்கள், பித்தான்கூடத் தெரியும். ஆனால் மூன்று நான்கு சுற்றுக்கு மேல் என்ன செதுக்கியிருக்கிறது என்று தரையில் நிற்கிற எவருக்கும் தெரியாது. போரின் உச்சக்கட்டம் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் நடக்கிறது. உச்சியில் சிற்பி ஷோதே வடித்த நெப்போலியன், ரோமானியச் சக்கரவர்த்தி வேடத்தில்: வாகை மாலை, ஒரு கையில் வாள், மறு கையில் உலக உருண்டை, அதன்மேல் சிறகு விரித்த வெற்றித் தேவதை.

திறப்பு நாளில் ஒரு சங்கடம் இருந்தது. அதற்கு நான்கு மாதம் முன்புதான், ஏப்ரலில், நெப்போலியன் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சிஸின் மகள் மரி லூயிஸைக் கல்யாணம் செய்திருந்தார். மாமனாரிடமிருந்து பிடுங்கிய பீரங்கிகளை உருக்கி, மாமனார் தோற்ற கதையைச் செதுக்கி, மருமகன் உச்சியில் ஏறி நிற்கிறார். புது மணப்பெண் இருக்கிற ஊரில்! அரசியல் கல்யாணங்களில் இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த வருடம்தான் உச்சம். ஸ்பெயின் போர் என்கிற புண் ஏற்கெனவே சீழ்பிடித்திருந்தது. 1812 ஜூன் 24-இல் நெப்போலியன் நேமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது கூடவே 1,000-க்கும் மேற்பட்ட பீரங்கிகள் போயின. மாஸ்கோ எரிந்தது, திரும்ப வேண்டியதாயிற்று. பீரங்கியை இழுப்பது குதிரை. பனியில் நடக்கத் தோதான லாடம் குதிரைகளுக்கு இல்லை. வழுக்கி விழுந்தவை எழவில்லை. எழுந்தவற்றைப் பசித்த வீரர்கள் தின்றார்கள். இழுக்க ஆளில்லாத பீரங்கிகள் வழியெங்கும் நின்றுவிட்டன.

ரஷ்யர்கள் அவற்றைப் பொறுக்கியெடுத்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள், 875. அதில் பிரெஞ்சுப் பீரங்கிகள் 365. மீதி ஆஸ்திரிய, பிரஷ்ய, இத்தாலிய, பவேரியப் பீரங்கிகள், நெப்போலியனோடு விரும்பியோ விரும்பாமலோ வந்தவர்களுடையவை. அவற்றை வைத்து ரஷ்யர்கள் செய்ய நினைத்தது என்ன தெரியுமா? ஒரு தூண். பிடித்த பீரங்கிகளால் ஒரு வெற்றித் தூண் மாஸ்கோவில் எழ வேண்டுமென்று திட்டமிட்டார்கள். ஏனோ அது எழவில்லை. பீரங்கிகள் கிரெம்ளினின் ஆயுதசாலைச் சுவரோரம் வரிசையாக வைக்கப்பட்டன. குழாயின்மேல் செதுக்கிய பெயரும் பூவேலையும் அப்படியே இருக்க, அவை பீரங்கிகளாகவே தப்பித்தன. உருக்கிச் சிலையாக்கும் ஆசை நிறைவேறாமல் போனதால் பிழைத்த வெண்கலம்!

1813 அக்டோபரில் லைப்சிக்கில் தோல்வி. 1814 மார்ச் 31-இல் நேச நாட்டுப் படைகள் பாரிஸுக்குள் வந்தன. அன்றே மன்னராட்சி ஆதரவாளர் கூட்டமொன்று வாந்தோம் சதுக்கத்துக்கு ஓடியது. நெப்போலியன் சிலையின் கழுத்தில் கயிறு கட்டிக் குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். சிலை அசையவில்லை. பொருத்தியவர் ஒழுங்காகப் பொருத்தியிருந்தார். பொருத்தியவருக்குத்தான் கழற்றவும் தெரியுமென்று வார்ப்பாளர் லோனேயைப் பிடித்தார்கள். இறக்காவிட்டால் ராணுவத் தண்டனை என்று கைப்பட உத்தரவு. ஏப்ரல் 6-இல் நெப்போலியன் முடி துறந்தார். ஏப்ரல் 8-இல் சிலை கீழே இறங்கியது. மனிதருக்கும் அவரது வெண்கலத்துக்கும் நடுவே இரண்டே நாள் இடைவெளி. உச்சியில் பழைய அரச குலமான பூர்போன் வம்சத்தின் வெள்ளைக் கொடி ஏறியது. தூணைத் தொடவில்லை, படையின் கதை அதில் இருந்ததால் தொடத் தயங்கினார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நாடுகடத்தப்பட்ட எல்பாத் தீவிலிருந்து தப்பி வந்து நெப்போலியன் நூறு நாள் ஆண்டார். 1815 ஜூன் 18-இல் வாட்டர்லூ. பிறகு அட்லாண்டிக் நடுவே செயின்ட் ஹெலினா. அந்த நூறு நாளில் சிலையைத் திரும்ப ஏற்ற அவருக்கு நேரமில்லை. பூர்போன்கள் இரண்டாம் தடவை வந்ததும் அதற்கு முடிவு கட்டினார்கள். பாரிஸின் போன் நெஃப் பாலத்தில் நின்ற நான்காம் ஹென்றியின் சிலையும் புரட்சியில் அழிந்திருந்தது. அந்த வம்சத்தின் முதல் ராஜா அவர். மக்களுக்குப் பிடித்த ராஜாவும் அவர்தான். அவரைத் திரும்ப வார்க்க வெண்கலம் வேண்டும். உச்சியிலிருந்து இறங்கிய நெப்போலியனும், மாரெங்கோ போரில் இறந்த நெப்போலியனின் தளபதி தெசேயின் சிலையும் உலைக்குப் போயின. 1818 ஆகஸ்ட் 25-இல் சிற்பி லெமோ செய்த ஹென்றி பாலத்தில் குதிரையேறினார். ஆஸ்திரியனின் பீரங்கி, பிரெஞ்சுப் பேரரசன், பூர்போன் ராஜா என்று ஒரே உலோகம் பதின்மூன்று வருடத்துக்குள் மூன்று அவதாரம் எடுத்துவிட்டது.

இந்த மூன்றாம் அவதாரத்துக்கு ஒரு வதந்தி உண்டு. வார்த்தவர் மெனெல் நெப்போலியனின் பக்தர். ஹென்றியின் வலது கைக்குள் யாருக்கும் தெரியாமல் குட்டி நெப்போலியன் சிலை ஒன்றை வைத்து மூடிவிட்டார் என்றும், குதிரையின் வயிற்றில் நெப்போலியனைப் புகழும் தாள்களைத் திணித்துவிட்டார் என்றும் பாரிஸில் சொல்வார்கள். ராஜ விசுவாசிகள் வைத்த பெட்டிகளும் ஆவணங்களும் உள்ளே இருந்தது உண்மைதான். குட்டி நெப்போலியனை நான் நம்பத் தயாரில்லை. ஆனால் அப்படியொரு கதையைச் சொல்லிச் சிரிக்க ஊருக்கு ஆசை இருந்தது என்பதே போதுமான செய்தி.

ஜெயித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. லண்டன் ஹைட் பூங்காவில், வாட்டர்லூவில் ஜெயித்த வெலிங்டனைக் கௌரவிக்க 1822-இல் ஒரு பிரம்மாண்டமான அக்கிலீஸ் சிலை எழுந்தது. சலமாங்கா, விட்டோரியா, துலூஸ், வாட்டர்லூ போர்களில் பிடித்த பிரெஞ்சுப் பீரங்கிகளே மூலப்பொருள், 33 டன். காசு கொடுத்தவர்கள் இங்கிலாந்துப் பெண்கள். சிலை அம்மணமாக வந்து நின்றதும் ஊரே பேச, இடுப்பில் ஓர் இலையை ஒட்டிச் சமாளித்தார்கள். வாட்டர்லூ களத்தில் செயற்கைக் குன்றின்மேல் நிற்கிற சிங்கத்தையும் பிரெஞ்சுப் பீரங்கியில் வார்த்ததாக வழிகாட்டிகள் அடித்துச் சொல்வதுண்டு. அது லியேஜ் பட்டறையில் வார்த்த வெறும் இரும்பு.

1821 மே 5-இல் நெப்போலியன் இறந்தார். இறந்தபின்தான் தூணுக்கு மவுசு ஏறியது. பழைய படைவீரர்கள் அவரது நினைவு நாளில் வந்து வேலிக் கம்பியில் பூமாலை மாட்டிவிட்டுப் போவார்கள். 1827-இல் ஆஸ்திரியத் தூதரக விருந்தொன்றில் நெப்போலியனின் தளபதிகளை அவர்களது போர்ப் பட்டங்களைச் சொல்லாமல் வெறும் பெயரால் அறிவித்தார்கள். அதுவரை மன்னராட்சிப் பக்கம் இருந்த இளைஞர் விக்டர் ஹியூகோவுக்கு ரோஷம் வந்து, இந்தத் தூணை விளித்தே ஒரு கவிதை எழுதினார். 1830-இல் இன்னொரு புரட்சி. புதிய மன்னர் லூயி பிலிப்புக்கு எல்லாத் தரப்பையும் வளைத்துப்போட வேண்டிய அவசியம். 1833 ஜூலை 28-இல் தூணின் உச்சிக்கு நெப்போலியன் மறுபடி ஏறினார். இந்தத் தடவை ரோமானிய வேடம் இல்லை. சிற்பி ஸேர் செய்தது மக்கள் மனதில் இருந்த உருவம்: குறுக்கு வாட்டுத் தொப்பி, நீளக் கோட்டு, கோட்டுக்குள் செருகிய கை. 1840 டிசம்பரில் உடலும் செயின்ட் ஹெலினாவிலிருந்து வந்து இன்வாலித் மாளிகையில் அடங்கியது. இறந்த பேரரசரை உச்சியில் வைத்துக் கும்பிடுவது பத்திரமானது என்று லூயி பிலிப் நினைத்தார். அந்தக் கும்பிடுதான் பன்னிரண்டு வருடத்தில் உயிரோடிருக்கும் ஒரு நெப்போலியனைச் சிம்மாசனத்தில் ஏற்றியது.

இந்த நெப்போலியன் பழையவரின் அண்ணன் மகன் அல்ல, தம்பி மகன். 1848-இல் தேர்தலில் ஜெயித்து, 1851 டிசம்பர் 2-இல் ஆட்சியைக் கவிழ்த்து, 1852 டிசம்பர் 2-இல் மூன்றாம் நெப்போலியன் ஆனார். டிசம்பர் 2-ஐ அந்தக் குடும்பம் விடுவதாக இல்லை. அவருக்குத் தொப்பிபோட்ட சாதாரணப் பெரியப்பா போதவில்லை, சக்கரவர்த்தி வேண்டியிருந்தார். 1863-இல் ஸேரின் சிலையை இறக்கி ஊர் எல்லையில் கூர்பவுவா ரவுண்டானாவுக்கு அனுப்பிவிட்டு, துய்மோன் செய்த புதுச் சிலையை ஏற்றினார். மறுபடியும் ரோமானிய உடை, வாகை மாலை, கையில் வெற்றித் தேவதை.

1870-இல் பிரஷ்யாவோடு போர். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது வாய்வழியே குண்டு போடும் வெண்கலப் பீரங்கி. எதிரில் இருந்தது க்ருப் பட்டறையின் எஃகுப் பீரங்கி, பின்பக்கமாகக் குண்டு போடுவது, அதைவிடத் தொலைவு சுடுவது. பீரங்கிக் கணக்கால் எழுந்த குடும்பம் பீரங்கியாலேயே கவிழ்ந்தது. செப்டம்பர் 2-இல் செடானில் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தார். கூர்பவுவாவிலிருந்த தொப்பிக்காரச் சிலையை இறக்கியபோது அது நெய்யி பக்கம் சேன் ஆற்றில் போய் விழுந்தது. பிறகு ஆற்றிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டுவைத்து, 1911-இல் இன்வாலித் முற்றத்தின் மாடத்தில் நிறுத்தினார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறது. கூர்பவுவாவில் காலியான பீடத்தில் 1883-இல் பாரிஸின் பாதுகாப்பைச் சொல்லும் சிலை ஒன்று வந்தது. வானளாவிய கட்டடங்களோடு இன்று ‘லா தெஃபான்ஸ்’ என்று அழைக்கப்படும் வணிக வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்தது அந்தச் சிலைதான்.

இனி கூர்பே. குஸ்தாவ் கூர்பே பெரிய ஓவியர், அதைவிடப் பெரிய வாய். பேரரசு விழுந்த பத்தாம் நாளே, செப்டம்பர் 14 அன்று, இந்தத் தூணைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டுமென்று புதிய அரசுக்கு மனு எழுதினார். கலையழகும் இல்லை, வெட்டிப் போர்ப் பெருமைதான் மிச்சம் என்பது அவர் கட்சி. அக்டோபரில் ஜெர்மானியப் படைக்கு ஒரு திறந்த மடல். உங்கள் க்ருப் பீரங்கிகளைக் கொடுங்கள், எங்களுடையதோடு சேர்த்து உருக்குவோம். கடைசிப் பீரங்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தி, அதற்குச் சுதந்திரக் குல்லா மாட்டி, வாந்தோம் சதுக்கத்தில் நடுவோம். அதுவே உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான தூண் என்று எழுதினார். எஃகும் வெண்கலமும் ஒரே உலையில் சேராது என்பதை அவருக்கு எந்த வார்ப்பாளரும் சொல்லவில்லை போலிருக்கிறது. யோசனை என்னவோ இந்த மொத்தக் கதையிலேயே நல்ல யோசனை.

1871 மார்ச்சில் பாரிஸ் கம்யூன் என்கிற புரட்சி அரசு நகரில் அமைந்தது. ஏப்ரல் 12-இல், வாந்தோம் தூண் காட்டுமிராண்டித்தனத்தின் சின்னம், தோற்றவர்களை ஜெயித்தவர்கள் நிரந்தரமாக அவமதிப்பது, சகோதரத்துவத்துக்கு எதிரானது என்றெல்லாம் சொல்லி இடிக்க ஆணை போட்டது. கூர்பே கம்யூனுக்குத் தேர்வானது ஏப்ரல் 16-இல். ஆணை போட்டபோது அவர் அந்த அவையிலேயே இல்லை! பின்னால் இந்த நான்கு நாள் வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வேலையை ஒரு பொறியாளரிடம் ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். நெப்போலியனின் நினைவு நாளான மே 5-இல் சாய்ப்பதாக எண்ணம். வேலை இழுத்து மே 16 ஆயிற்று. மரம் வெட்டும் முறைதான். அமைதித் தெருப் பக்கம் அடியில் ஆப்பு வடிவில் வெட்டு, எதிர்ப்பக்கம் அறுப்பு, உச்சியில் கட்டிய வடங்கள், தெருவில் வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளைப்பொறி. தூண் விழும் இடத்தில் மணல், சுள்ளி, குதிரைச் சாணம் என்று மெத்தை போட்டிருந்தார்கள். சுற்றிலும் வீட்டுக்காரர்கள் ஜன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டை ஒட்டிவைத்தார்கள். பிற்பகலில் முதல் இழுப்பில் பொறியே உடைந்தது. கூட்டம் கேலி செய்தது. மாலை ஐந்தரை மணிவாக்கில் இரண்டாம் இழுப்பு. தூண் சாய்ந்து, அந்தரத்திலேயே துண்டாகி, சாணக் குவியலில் விழுந்தது. நெப்போலியனின் தலை உடலைவிட்டு உருண்டது. உடைந்து பரவியதில் பெரும்பகுதி கல், வெண்கலம் தோலளவுதான். ஆளாளுக்குத் துண்டு பொறுக்கினார்கள். கிடக்கிற பேரரசரைச் சூழ்ந்து கம்யூன் காவலர்கள் மார்பில் கைகட்டி நிற்கும் காட்சியைப் புரூனோ பிராக்கே புகைப்படம் எடுத்தார். அதில் நின்றவர்களை அடையாளம் காண அந்தப் படங்களே பின்னால் போலீசுக்கு உதவின என்பார்கள். அதற்கடுத்த வாரமே அரசுப்படை பாரிஸுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் மார்ஷல் மக்மஹோன். எட்டு மாதம் முன்பு செடானில் தோற்றவர்.

கூர்பே கைதானார். ஆறு மாதச் சிறை, 500 ஃபிராங்க் அபராதம். அதோடு போயிருக்கும். ஆனால் விசாரணைக்கு முன் அவரே, தூணை இடித்தது நான்தான் என்று நிரூபித்தால் என் படங்களை விற்று என் செலவிலேயே திரும்பக் கட்டித்தருகிறேன் என்று எழுதி வைத்திருந்தார். 1873-இல் மக்மஹோன் குடியரசுத் தலைவரானார். தூணை எழுப்பு, செலவைக் கூர்பேயிடம் வாங்கு என்று சட்டமே வந்தது. அவரது ஓவியங்களும் உடைமைகளும் ஜப்தியாயின. ஜூலையில் சுவிட்சர்லாந்துக்கு ஓடிவிட்டார்.

தகடுகள் பெரும்பாலும் கிடைத்திருந்ததால் பழையபடி பொருத்த முடிந்தது. 1875 டிசம்பரில் துய்மோனின் சிலையும் தலை ஒட்டப்பட்டு மேலே ஏறியது. குடியரசு ஒன்று, தான் விரட்டியடித்த பேரரசரின் குலதெய்வத்தை மறுபடி பிரதிஷ்டை செய்தது. படையின் கௌரவம் என்ற பெயரில் நடந்ததால் எதிர்த்தவர்கள் குறைவு.

1877 மே மாதம் கணக்குத் தீர்ந்தது: 323,091 ஃபிராங்க் 68 சென்டிம். நெப்போலியனுக்கு முதல் தடவை தூண் கட்டியபோது உலோகம் எவ்வளவு காணாமல்போனது என்பதற்கு உருப்படியான கணக்கில்லை; கூர்பேக்கு மட்டும் சென்டிம்வரை. வருடத்துக்கு 10,000 ஃபிராங்க் வீதம் 33 தவணை, முதல் தவணை 1878 ஜனவரி 1. அவரோ உடல் வீங்கி, நடக்க முடியாமல், ஜெனீவா ஏரிக்கரையில் கிடந்தார். நவம்பரில் பாரிஸில் அவரது படங்களை ஏலம் விட்டார்கள். டிசம்பர் 31 அன்று, தவணைக்கு முதல் நாள், 58 வயதில் செத்துப்போனார். திட்டப்படி கட்டியிருந்தால் கடைசித் தவணை 1910-இல் வந்திருக்கும். அப்போது கடனாளிக்கு வயது 90-ஐத் தாண்டியிருக்கும்.